பன்னிரண்டாம் ரூமிலிருந்து கொடிக்கம்பம் வரை

ஜூலை 5, சனி

விடிந்ததிலிருந்து காற்று. கண்ணில் மண், வாயில் மண். மழைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

இன்று கம்பெனியில் ஓட்ட ஒத்திகை. மணி அடித்தால் எல்லாரும் ரூமை விட்டுப் பாய்ந்து கொடிக்கம்பம் வரை ஓட வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் தீ என்றால் ஓடுவது ஒன்றுதான் வைத்தியம். வருஷா வருஷம் மணி அடிப்பவன் நான். இந்த முறை முதலாளி அண்ணாச்சி மணியை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீயும் ஓடு ஞானம். போர்மேன்னா தீ ஒதுங்கிப் போயிருமா?"

சரக்கு பார்க்கிற மாதிரி பன்னிரண்டாம் ரூமுக்குள் நின்றேன். உள்ளே மாரியம்மாள், செல்வி, இன்னும் இரண்டு பெண்கள். மணி அடித்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் நாலு பேரும் பாதி தூரம் போய்விட்டார்கள். நானும் ஓடினேன். ஓடினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மூச்சு முட்டி, தீயணைக்க வைத்திருந்த மண் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்பத்தைத் தொட்ட மாரியம்மாளும் செல்வியும் திரும்பி ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் எழுந்தேன். வாளியும் கூடவே எழுந்தது.

ஒரு நிமிஷம் எட்டு செகண்டு. அண்ணாச்சி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நெசமா வெடிச்சிருந்தா இந்நேரம் மூணு பேரு போயிருப்பீக."

மாரியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். வாய் மட்டும் தனி எடை. "சாரத் தூக்க நாலு பேரு வேணும் அண்ணாச்சி. ரூமுக்கு நாலு பேருதான் சட்டம். நாலு பேரும் சாரத் தூக்கிட்டா எங்களத் தூக்க யாரு வருவா?"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

தீர்ப்பு: இரண்டு வாரம் தவணை. 19ஆம் தேதி மறுபடியும் ஒத்திகை. இருபத்தைந்து செகண்டுக்குள் கொடிக்கம்பம். முடியவில்லை என்றால் போர்மேன் வேலை வேறு ஆளுக்கு, எனக்குச் சிவகாசிக் கடை. ஆர்டர் எழுதும் வேலை. நாற்காலி, ஏசி. "ஒன் ஒடம்புக்கு அதான் தோது" என்கிறார். இந்தத் தாயில்பட்டிப் பொட்டலில் இருபத்திரண்டு வருஷம் வெயிலில் நின்றவன், கடையில் போய் உட்காருவதா?

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்து எடை பார்த்தேன். 103.4. சட்டையைக் கழற்றினேன். 103.2. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். அதே 103.2.

மனைவி எஸ்தரிடம் வாளிக் கதையை நான் சொல்லவில்லை. வேனில் வரும் பெண்களில் ஒருத்தியின் அக்கா இவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். விருதுநகருக்கு நான் வந்து சேர்வதற்கு முன்பே வாளி வந்து சேர்ந்துவிட்டது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டாள். "திங்குறது அம்புட்டையும் இதுல எழுதணும். ஒரு பருக்கை விடப்பிடாது." அது அவள் பார்க்கும் நோட்டு. இது நான் மட்டும் பார்க்கும் நோட்டு. அதில் இன்று காலை: இட்லி 3, மோர். இதில்: இட்லி 3, மோர், இட்லி 4.

இரண்டு வருஷத்தில் கூடியது 22 கிலோ. கிட்டத்தட்ட முக்கால் கேஸ் சிலிண்டர். எப்படி ஏறியது என்று உட்கார்ந்து யோசித்தேன். (நடந்துகொண்டே யோசித்திருக்கலாம்.)

1. முன்பு பஸ். மெயின் ரோட்டில் இறங்கி கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. இப்போது வாசலுக்கே வேன்.

2. முன்பு நாற்பது ரூமையும் நாளைக்கு ஆறு தடவை சுற்றுவேன். ரூமுக்கும் ரூமுக்கும் சட்டப்படி இடைவெளி விட்டிருப்பதால் ஒரு சுற்றே பக்கத்து ஊர் போய் வந்த மாதிரி. பிறகு கேமரா வைத்தார்கள். இப்போதும் ஆறு சுற்றுதான், கண்ணால்.

3. கேமரா அறை நாற்காலிக்குச் சக்கரம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க வேண்டாம், உருண்டு போகலாம்.

4. மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர். இரண்டு பேருக்கு எதற்கு அடுப்பு என்று போனில் ஆர்டர். வருவது நாலு பேருக்கு. வீணாக்கக் கூடாது.

5. எண்ணெய் பரோட்டா. (இனி எ.ப.) எங்கள் ஊரில் எ.ப. அன்றும் உண்டு. ஆனால் அன்று நான் எ.ப.வைத் தேடி நடந்து போனேன். இன்று அது என்னைத் தேடி வருகிறது.

6. மேஜை டிராயரில் சேவு. திரையைப் பார்க்கும்போது கை சும்மா இருப்பதில்லை.

ஜூலை 7, திங்கள்

காலை: கேப்பைக் கூழ், வெள்ளரிக்காய். பத்து மணிக்கே காது அடைத்தது.

கேமராவை விட்டுவிட்டு மூன்று சுற்று நடப்பதாகத் திட்டம். நடந்தது அரைச் சுற்று. பதினெட்டாம் ரூம் வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். உள்ளேயிருந்து குரல்: "என்ன சார், கன்னுக்குட்டி எதுவும் காணாமப் போச்சா?"

திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தேன். டிராயர் பூட்டியிருந்தது. சாவியை எஸ்தர் பறிமுதல் செய்துவிட்டாள். பூட்டிய டிராயருக்குப் பின்பக்கம் இடுக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. ஸ்கேல் விட்டுத் தள்ளினால் வருகிறது. பொடிதான் வந்தது. பொடியும் சேவுதான்.

சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது. கம்பெனிக்குப் பருத்திச் சட்டைதான் போட வேண்டும். பருத்திக்கு இழுத்துக் கொடுக்கத் தெரியாது.

ஜூலை 9, புதன்

மகன் அனுப்பிய கைப்பட்டை நேற்று வந்தது. நடந்த அடிகளை எண்ணும், தூக்கத்தையும் அளக்கும். நான் எத்தனை அடி நடந்தேன் என்பது எஸ்தர் போனில் தெரியும்படி அங்கிருந்தே ஏற்பாடு செய்திருக்கிறான். பெற்ற பிள்ளை.

காலையில் கட்டிக்கொண்டு போனேன். கேட்டில் வாட்ச்மேன் கருப்பசாமி கையை நீட்டி மறித்தார். "கரண்டு சாமான் எதுவும் உள்ள போகப்பிடாதுன்னு எழுதிப் போட்டது நீங்கதான சார்?"

நான்தான். போர்டில் என் கையெழுத்து. செல்போனைப் போடும் பெட்டியில் பட்டையையும் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஜூலை 10, வியாழன்

வீட்டுக்குள் நுழைந்ததும் எஸ்தர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினோராயிரத்து எரநூறு அடி! நெசமாவே நடந்துட்டீகளே!" கண் கலங்கியிருந்தது. முட்டைத் தோசை போட்டுத் தந்தாள்.

விஷயம் இதுதான். பெட்டியில் கிடந்த பட்டையைக் கருப்பசாமி எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் பட்டையைத் திருப்பி வாங்கும்போது கேட்டேன். "சும்மா கெடக்கேன்னு கட்டுனேன் சார். உக்காந்தா கையில உறுமுது. எந்திரிச்சு நடந்தா அடங்குது. நானும் நாள் பூராவும் நடந்துக்கிட்டே கெடக்கேன்."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். தோசை உள்ளே போய்விட்டது.

ஜூலை 12, சனி

12,900 அடி. முட்டைத் தோசை 2. கருப்பசாமியின் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. என்னுடையது அதே ஓட்டையில்.

கேஸ் புக் பண்ண வேண்டும். பித்தான் வாங்க வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் அசனம். சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் வருஷ விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு. அண்டாவைத் திறந்தபோது பிரசங்கத்துக்குத் தூங்கியவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

ஒரு கரண்டியோடு நிறுத்துவதாக வேனிலேயே, அதாவது வெள்ளிக்கிழமையே, முடிவு செய்திருந்தேன். பெண்கள் பந்தியிலிருந்து எஸ்தர் ஒரு விரலைக் காட்டினாள், ஒன்றோடு போதும் என்று. குழம்பு வாளியோடு நின்ற சபை மூப்பர் அதைப் பார்த்துவிட்டார். "ஏய், தங்கச்சி அங்கனருந்து ஒண்ணு கேக்குது, ஞானத்துக்கு இன்னொண்ணு ஊத்துங்கப்பா!" அவர் ஊற்ற, அவள் விரலை ஆட்ட, அவர் மறுபடியும் ஊற்ற.

அசனத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. ஃபிரிட்ஜ் நோட்டில் எழுதியது: அசனம். அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். எஸ்தர் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது என்னன்னு சொல்லுங்க. மத்தியானம் ரெண்டரையிலருந்து நாலு வரைக்கும் ஆழ்ந்த தூக்கம்னு காட்டுது. பட்டாசுக் கம்பெனியில போர்மேன் தூங்குறீகளா?"

தூங்கினேன் என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து. தூங்கவில்லை என்று சொன்னால் நடக்கவும் இல்லை என்று சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அது கருப்பசாமி" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க வார்டுல வந்து பாருங்க. பாதிப் பேரு ஒங்க வயசு. நடந்து வாராக, தள்ளுவண்டியில போறாக. ஊருக்கெல்லாம் நான்தான் புத்தி சொல்றேன், அரிசியக் கொறைங்க, நடங்கன்னு. வீட்டுல ஒரு ஆளு என்னய ஏமாத்திட்டு முட்டத் தோச தின்னுட்டு இருக்கு. அந்தக் கம்பெனியில ஒரு பொறி விழுந்தா நீங்க எப்படி வெளிய வருவீகன்னு நெனச்சா டூட்டியில நோயாளி பேரையே மாத்திக் கூப்பிடுறேன்."

அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் இவளிடம் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. சொன்ன ஒன்றும் தோசைக்காக.

மூக்கைச் சிந்திவிட்டு அவளே சொன்னாள்: "நானும் எண்பத்தொரு கிலோ. டூட்டி முடிஞ்சு வாரப்ப ரெண்டு பப்ஸு திங்கேன். நின்ன நெலையில. யாருக்கும் தெரியாது."

நாளைக் காலை முதல் இருவரும் நடை. கருப்பசாமியிடம் பட்டையை அவரே வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மத்தியானத் தூக்கத்தைப் பற்றி போர்மேனாகத் தனியாகப் பேச வேண்டும்.

ஜூலை 16, புதன்

காலை ஐந்தரை. சூலக்கரை ரோடு. ஊரில் பாதி அங்கே நடக்கிறது. முக்கால்வாசிப் பேர் பைக்கிலும் காரிலும் வந்து, நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். ஒருவர் நடைபாதைக்கு எவ்வளவு பக்கத்தில் காரை நிறுத்தலாம் என்று மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தார்.

காதில் விழுந்தவை:

"சுகர் எரநூத்திப் பத்து. நேத்தைக்குப் பரவால்ல."

"ஏலே, மெதுவாப் போ, பேசிக்கிட்டே போவோம்."

"நடந்து முடிச்சதும் வட சூடா இருக்கும்."

கடைசியில் சொன்னது உண்மை. நடை முடியும் இடத்தில் டீக்கடை. உளுந்த வடை, பஜ்ஜி, கேசரி. நடந்தவர்கள் எல்லாரும் அங்கே நின்று நடந்ததை ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் என் முழங்கையைப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். தாண்டிய பிறகு அவளும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கம்பெனியில் இன்று ஒரு முழுச் சுற்று. நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஓடிப் பழக மொட்டை மாடி. ஆறு தடவை அங்கும் இங்கும். கீழ் வீட்டு அம்மா படியேறி வந்தார். "மாவு இடிக்கீகளா? மிக்ஸி ரிப்பேரா? நம்ம வீட்டு மிக்ஸியத் தரட்டுமா?"

இரண்டு சுற்று நடந்தேன் கம்பெனியில். நடந்து பார்த்தால் கேமராவில் தெரியாதது தெரிகிறது. இருபத்தேழாம் ரூமில் பொறி தட்டாமல் இருக்கப் போட்ட தரை விரிப்பு கிழிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ. மாற்றச் சொன்னேன். இந்த வேலை என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்று இன்று ரொம்பவும் தோன்றியது.

ஜூலை 18, வெள்ளி

101.9. கண்ணாடியோடு.

சாயங்காலம் கருப்பசாமி கையில் கடிகாரத்தைக் கொடுத்துத் தனியாக ஓடிப் பார்த்தேன். முப்பத்தொரு செகண்டு. ஆறு செகண்டு அதிகம். மறுபடியும் ஓடலாம் என்று பார்த்தால் முழங்கால் சம்மதிக்கவில்லை.

ஓரமாக நின்று மாரியம்மாளும் செல்வியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று யாரும் கிண்டல் செய்யவில்லை. தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டே வேனில் ஏறினார்கள்.

எஸ்தர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். கடையில் வேலை என்றால் ஆபத்தில்லைதானே, தோற்றால்தான் என்ன என்று கேட்டாள். அங்கே நாற்பது ரூமிலும் இருப்பவர்களின் பேர் எனக்குத் தெரியும் என்றேன்.

ஜூலை 19, சனி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

பத்தே முக்காலுக்கு மணி. பன்னிரண்டாம் ரூமில் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பாய்ந்தேன். இந்த முறை நிஜமான ஓட்டம். காது இரண்டும் அடைத்து, சட்டை மேலே ஏறி, தொப்பை எனக்கு முன்னால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக ஓடினோம். மண் வாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன்.

"இருவத்தினாலு!" அண்ணாச்சி கையைத் தட்டினார். "பாஸு! யோவ், பாஸுய்யா நீ!"

கம்பத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கினேன். சந்தோஷம் தலைக்கேறியது. எஸ்தருக்குச் சொல்ல வேண்டும், கேட்டுக்குப் போய் போனை எடுக்க வேண்டும். அப்போதுதான் பார்த்தேன். கம்பத்தடியில் அண்ணாச்சியும் நானும் மட்டும். வேறு ஒருவரும் இல்லை.

திரும்பினேன். மாரியம்மாள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் செல்வி. அவர்களுக்குப் பின்னால் மற்ற ரூம் பெண்கள் எல்லாரும், சப்பரத்துக்குப் பின்னால் வருகிற மாதிரி நிதானமாக. ஒருத்திக்குக்கூட மூச்சு வாங்கவில்லை.

"என்ன மாரியம்மா, ஏன் இம்புட்டு நேரம்?"

பெருமையாகச் சிரித்தாள். "நேத்தே பேசி வச்சுட்டம் சார். நாங்க முன்னால ஓடுனா நீங்க வாரீகளா விழுந்தீகளான்னு திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு. நீங்க முன்னால போயிட்டா எங்களுக்கும் நிம்மதி. சார் பாஸாயிட்டீகல்ல?"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ரூம் வாசலை நினைத்துப் பார்த்தேன். நான் வாசலை அடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை நாலு பேரும் வெடிமருந்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். பதினோரு செகண்டில் கம்பத்தைத் தொடுகிற கால்கள். எனக்காக நின்றிருக்கின்றன. நிஜத் தீயிலும் நிற்பார்கள். இவர்களை எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, இது பாஸ் இல்ல. என்னய ரூமுக்குள்ள விடாதீக."

"இருவத்தினாலுதானய்யா?"

"அது எனக்கு. இவுகளுக்கு எத்தன?"

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். அவர் முகமும் மாறியது. பிறகு, "திங்கக்கெழம கடைக்கு வந்துரு ஞானம். தீவாளி முடியட்டும். ஒடம்ப எறக்கிட்டு வா, மறுபடி நானே மணி அடிக்கேன்" என்றார்.

மாரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லது செய்றம்னு நெனச்சமே. பொழப்பக் கெடுத்துட்டமே சார்."

"இனிமே யாருக்காகவும் நிக்காதீக. அண்ணாச்சியே உள்ள மாட்டிக்கிட்டாலும் ஓடிருங்க."

"யோவ்!" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டாள். இன்று ஃபிரிட்ஜ் நோட்டில் எழுதச் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

சிவகாசி. தூறல் போட்டு நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நடை. மூன்று ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். நான்காமவர் என்னைப் பார்த்துவிட்டு இறங்கியே வந்து கூப்பிட்டார்.

கடையில் ஏசி. சக்கரம் வைத்த நாற்காலி இங்கேயும். குடோனுக்குள் தள்ளிவிட்டு, நின்றுகொண்டே ஆர்டர் எழுதினேன். ஆர்டர் கொடுக்க வந்த ஈரோட்டு வியாபாரி, "கெளம்பிட்டீங்களா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

பதினொன்றரைக்கு போன். மாரியம்மாள், கேட்டிலிருந்து, கருப்பசாமி போனில்.

"சார், காலையில அண்ணாச்சி சொல்லாமக் கொள்ளாம மணி அடிச்சுட்டாரு. புது போர்மேன் உள்ளதான் இருந்தாரு. பன்னெண்டு செகண்டுல அம்புட்டுப் பேரும் கம்பத்துக்கு வந்துட்டம். ஒருத்தியும் திரும்பிப் பாக்கல சார்."

"நல்லது" என்றேன். "அதான் வேணும்."

"நீங்க சாப்ட்டீகளா?"

"இனிமேத்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். குடோனுக்குள் போய், நின்றபடியே கொஞ்சம் அழுதேன். அழுது முடித்ததும் கடுமையாகப் பசித்தது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.